முதுகுக்குக் கீழே ஒரு கை

கல்லறுக்கும் பட்டறையில் தண்ணீர்க் குழாய் பிடிப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் வேண்டாம். சுற்றுகிற பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். விழுந்தால் தூசி சேறாகிக் காலடியில் ஓடிவிடும். விழாவிட்டால் மாவு போலப் பறந்து மூக்குக்குள் போகும். ஆனால் தண்ணீர் பட்டால் பென்சிலில் போட்ட கோடு அழிந்துபோகும். கோடு அழிந்தால் வெட்டு கோணும், சமையல் மேடைக்கென்று அறுத்த கல் வீணாகும், முதலாளி அப்பன் ஆத்தாள் எல்லோரையும் இழுத்துவைத்துத் திட்டுவார். அதனால் முதல் வெட்டுக்கு அறுப்பவர்கள் "தண்ணிய நிறுத்து" என்பார்கள். குழாய் பிடிப்பவளும் நிறுத்துவாள். இப்படி நிறுத்தி நிறுத்தித்தான் அந்தப் பட்டறையில் ஏழு ஆண்கள் நெஞ்சில் கல்லைச் சேர்த்துக்கொண்டு கட்டிலில் விழுந்தார்கள்.

சாட்சியக்கா பதினாறு வருஷமாகக் குழாய் பிடிக்கிறாள். முதல் எட்டு வருஷம் சொந்தப் புருஷனுக்குப் பிடித்தாள். அவன் போன பிறகு, அவன் மெஷினில் வந்து நின்ற 'கட்டர்' என்கிற இளைஞனுக்குப் பிடித்தாள். இப்போது அவனுக்கு நாற்பத்தொன்று. இளைஞன் என்று சொல்வது அவளுக்குப் பழக்கம். அவனும் படுத்துவிட்டான்.

சாட்சியக்கா என்பது சபையார் வைத்த பேர். புருஷனை அடக்கம் பண்ணின அன்று பாஸ்டர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?"

"அமைதியாப் போனாருங்கய்யா" என்றாள்.

அப்போது அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் விட்ட பெருமூச்சு அவளுக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. சுமையை இறக்கிவைத்தவர்கள் விடுகிற மூச்சு. ஒருத்தி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஒருத்தி வீட்டைக் கழுவிவிட்டாள். ஒரு மாதத்துக்கு அவள் வீட்டில் அடுப்பு பற்றவில்லை. யாராவது தூக்குவாளியோடு வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வைத்துவிட்டுப் போகாமல், அவள் சாப்பிடும் வரை எதிரே உட்கார்ந்து, மாமியார் சண்டை, பால்காரன் ஏமாற்று என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு கையைப் பிடித்து ஜெபித்தார்கள். செத்துப்போகலாம் என்று இருந்தவளை அந்த ஜனங்கள்தான் தூக்கி நிறுத்தினார்கள். கடவுள் இருக்கிறார் என்று அவள் நம்பியது அந்த ஒரு மாதத்தில்தான். அதில் பொய் எதுவும் கிடையாது.

பொய் வேறு இடத்தில் இருந்தது.

ஆறு மாதம் கழித்து இன்னொரு கல்காரன் வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போனபோது, 'அமைதியாப் போனார்' என்பது போதாது போலிருந்தது. அந்தப் பெண்டாட்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளிச்சம் தெரியுதுன்னாரு" என்று வாயில் வந்தது. அடுத்த வீட்டில், அவன் சிரித்தபடியே போனான் என்றாள். அதற்கடுத்த வருஷம் சபையில், தகரக் கூரையில் மழை கொட்டுகிற ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாட்சி சொல்கிற நேரத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அவன் ஒரு கையைத் தூக்கி யாரையோ வரவேற்கிற மாதிரி நீட்டினான் என்று சொன்னாள். மழைச் சத்தத்தையும் மீறி ஜனங்கள் "அல்லேலூயா" என்றார்கள். அன்றிலிருந்து சாட்சியக்கா. எந்தத் தெருவில் எவன் படுத்தாலும் பாஸ்டர் அவளைத்தான் அனுப்புவார். சொல்லச் சொல்ல அவளுக்கே ஆறுதலாக இருந்தது. சில நாள் உண்மையிலேயே அப்படித்தான் நடந்தது என்றுகூடத் தோன்றும்.

மகன் ஒருவன் இருக்கிறான், வேன் ஓட்டுகிறான். அப்பா சாகும்போது அறை வாசலில் நின்றவன். அவன் ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை. அவள் சாட்சி சொல்ல எழுந்தால் மட்டும், "வண்டிய யாராவது இடிச்சிடப் போறாங்க" என்று வெளியே போய்விடுவான். பிறகு சபைக்கு வருவதையே விட்டுவிட்டான். வேலை அதிகம் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

கட்டர் வீடு இரண்டு அறை. முன்னறையில் அவன் பெண்டாட்டியின் தையல் மெஷின், அதைச் சுற்றி வெட்டிப்போட்ட தலையணை உறைத் துணிகள். ஓட்டல்களுக்கு உறை தைக்கிறாள். பின்னறையில் அவன். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் நாலு தலையணையைச் சாய்த்துவைத்து உட்கார்ந்தபடியே தூங்குவான். அவை சரிந்துகொண்டே இருக்கும். அவன் ஒரு சத்தம் கொடுப்பான், தையல்காரி மிதியை நிறுத்திவிட்டு ஓடுவாள். முதுகுக்குக் கீழே ஒரு கையை விட்டு, மறு கையை அக்குளுக்குள் கொடுத்து, "ம், எழும்பு" என்று தூக்குவாள். ஒரு நாளைக்கு நாற்பது தடவை. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தைப்பாள்.

சாட்சியக்கா வேலை விட்டு நேரே அங்கே போவாள். பட்டறைச் சேறு காய்ந்து காலில் வெள்ளையாக இருக்கும்.

"வாங்கக்கா" என்பான் கட்டர். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இரண்டு மூச்சு. "வெளிச்சம்... இன்னும்... வரல. அங்கயும்... கரண்ட் கட்டா?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல உனக்கு. நேரம் வரும்போது வரும். அவரு பாத்த மாதிரி நீயும் பாப்ப."

"நெசமா... பாத்தாரா?"

"என் கண்ணு முன்னாடி பாத்தாருப்பா."

அவன் கண்ணை மூடிக்கொள்வான். அவன் முகத்தில் அப்போது ஒரு தெளிவு வரும். தையல்காரி வாசல்படியில் நின்று அதைப் பார்ப்பாள். பிறகு சாட்சியக்காவுக்கு டீ போடுவாள், சர்க்கரை கூடுதலாகப் போடுவாள்.

"நீங்க வந்துட்டுப் போனா அன்னிக்கு ராத்திரி தூங்குறாருக்கா" என்று ஒருநாள் சொன்னாள். "எனக்கும் அது ஒண்ணுதான். கஷ்டமெல்லாம் இருக்கட்டும், கடைசில அந்த ஒரு நிமிஷம் நல்லா அமைஞ்சிட்டாப் போதும்னு இருக்கேன்."

கட்டரின் அக்கா மீன்கடை வைத்திருந்தாள். மத்தியானம் கடை மூடிவிட்டு, கூடையோடு வந்து வாசலிலேயே உட்கார்ந்துகொள்வாள். உள்ளே வந்தால் வாடை தம்பிக்கு ஆகாது. சபைக்கு எப்போதாவதுதான் போவாள். கேட்டால், "மீன் வாடையோட வந்தா பக்கத்துல உக்காந்தவங்க ஜெபத்துல மூக்கப் பொத்துறாங்க" என்பாள்.

"ஏம்மா சாட்சி" என்றாள் ஒருநாள், "உன் புருஷனப் பத்திக் கேக்குறேன்னு தப்பா நினைக்காத. அந்த வெளிச்சம் எப்படி இருந்துச்சாம்? டியூப்லைட் மாதிரியா, வெயில் மாதிரியா?"

"அண்ணி, சும்மா இருங்க" என்றாள் தையல்காரி உள்ளேயிருந்து.

"கேட்டா என்னடி? நானும் ஒருநாள் போக வேண்டியவதான?"

"வெயில் மாதிரி" என்றாள் சாட்சியக்கா. காது மடல் சுட்டது. காலில் காய்ந்திருந்த சேற்றை நகத்தால் சுரண்டிக்கொண்டே படியிறங்கினாள்.

கட்டர் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்றரை மணிக்கு. புழுங்கிச் சாகடிக்கிற நாள், மழை வருவது போல நின்று வராமல் போனது. சாட்சியக்கா பட்டறையில் குழாய் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆள் வந்து சொல்லி அவள் ஓடிப்போனபோது எல்லாம் முடிந்திருந்தது. தையல்காரி கட்டிலில் சுவரில் சாய்ந்து கால்களை அகட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் நெஞ்சில் முதுகைச் சாய்த்தபடி அவன் உட்கார்ந்திருந்தான். அவளுடைய இரண்டு கைகளும் அவன் அக்குள்களுக்குள் நுழைந்து முன்னால் கோத்திருந்தன. கோத்த கையைப் பிரிக்க மீன்கடைக்காரியால் முடியவில்லை.

"விடுடி. போயிட்டான்டி. கைய விடு."

"விட்டா சரிஞ்சிடுவாரு அண்ணி."

சாட்சியக்காவைப் பார்த்ததும் தையல்காரி அழவில்லை. ஒரு மாதிரி வெறித்துப் பார்த்தாள். ஏதோ பொருளைக் கொடுத்துவைத்திருந்த ஆளைப் பார்ப்பது போல.

அடக்கம் நடந்தது. மறுநாள் சாட்சியக்கா போனாள். மெஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. தையல்காரி சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"எங்க வீட்டுக்காரர் என்ன பாவம் பண்ணாரு?"

"ஏம்மா இப்படிக் கேக்குற?"

"அவருக்கு வெளிச்சம் வரலக்கா. மூணு மணி நேரம் இழுத்துச்சு. கண்ணு பிதுங்கிடுச்சு. கத்தினாரு. கத்த மூச்சு இல்லாம கத்தினாரு. ஆண்டவர் பேரச் சொல்லுங்க, சொல்லுங்கன்னு காதுல சொன்னேன். சொல்லல. 'விட்டுடாதடி, விட்டுடாதடி'ன்னு என்னைத்தான் கூப்பிட்டாரு. அப்படியே போயிட்டாரு." சாம்பார்க் கரண்டியையே திரும்பத் திரும்பத் தேய்த்தாள். "உங்க வீட்டுக்காரரும் அதே கல்ல அறுத்தவருதான். அவருக்குக் கிடைச்சது இவருக்கு ஏன் கிடைக்கல? என்னாலயா? நான் ஜெபம் பண்ணல அந்த நேரம். பிடிச்சிக்கிட்டே இருந்தேன். கை ரெண்டும் மாட்டிக்கிச்சு, ஜெபம் பண்ணணும்னு தோணவே இல்ல. நான் ஜெபம் பண்ணியிருந்தா வந்திருக்குமோ?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். சமையலறையில் வேறு யாரும் இல்லை. "அவரோட வழி நமக்குத் தெரியாதும்மா" என்று ஒரு வாக்கியம் அவளிடம் எப்போதும் கைவசம் இருக்கும். அதைச் சொன்னாள். தையல்காரி தலையை ஆட்டினாள். கடையில் செல்லாத நோட்டைத் திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறவள் முகம்.

வீட்டுக்குப் போய் சாட்சியக்கா சாப்பிடவில்லை. மகனுக்குப் போன் பண்ணினாள்.

"அன்னிக்கு நீ வாசல்ல நின்னீல்ல" என்றாள்.

அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் நின்றது. வண்டியை ஓரம் கட்டியிருப்பான்.

"என்னம்மா இப்போ?"

"நீ ஏன் அப்பவே என்னக் கேக்கல?"

"நானும்தான் வாசல்லயே நின்னேன். உள்ள வரலியே. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கேப்பேன்?" பிறகு, "சாப்டியா?" என்றான்.

அடக்கம் முடிந்த ஐந்தாம் நாள் சாயங்காலம், கட்டர் வீட்டில் ஆறுதல் கூட்டம். முன்னறையில் தையல் மெஷினைச் சுவரோரம் தள்ளிவிட்டு, சபையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டிருந்தார்கள். முப்பது பேர் இருந்தார்கள். பட்டறை ஆட்கள் பத்துப் பேர் வாசலில் நின்றார்கள், பாதிப் பேர் இருமிக்கொண்டு. பாட்டுப் பாடி, பாஸ்டர் சின்னதாகப் பேசினார். நல்ல மனுஷன், சைக்கிளில் வீடு வீடாகப் போகிறவர். முடித்துவிட்டு, "நம்ம சாட்சியக்கா ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார்.

அவள் எழுந்தாள். அதற்குள் வாசல் பக்கத்திலிருந்து மீன்கடைக்காரி குரல் கொடுத்தாள்.

"சொல்லட்டும். அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பதில் சொல்லட்டும். இவ புருஷனுக்கு வெயில் மாதிரி வந்துச்சாமே, என் தம்பிக்கு ஏன் ஒரு தீக்குச்சி வெளிச்சம்கூட வரல? நாலு நாளா இந்தப் பொண்ணு சோறு தின்னல. 'நான் ஜெபிக்கல, நான் ஜெபிக்கல'ன்னு சுவத்துல மோதிக்கிறா. உங்க ஆறுதல் இதுக்குத்தானா?"

"அண்ணி" என்றாள் தையல்காரி.

பாஸ்டர் எழுந்தார். "அம்மா, ஒவ்வொருத்தருக்கும் ஆண்டவர் ஒவ்வொரு விதமா..."

"அய்யா, உக்காருங்க" என்றாள் சாட்சியக்கா. அவள் பாஸ்டரை உட்காரச் சொன்னதே கிடையாது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டாள். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. மெஷின் தகட்டைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"என் வீட்டுக்காரரு வெளிச்சம்னு ஒரு வார்த்தை சொல்லல. சிரிக்கல. கையத் தூக்கினாரு, அது என்னைப் பிடிக்க. 'தூக்கி உக்கார வை, தூக்கி உக்கார வை'ன்னாரு. தலகாணியெல்லாம் சரிஞ்சி மல்லாக்கக் கெடந்தாரு. நான் கட்டிலுக்குக் கீழ முட்டி போட்டுக்கிட்டு, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன். அவரு இழுக்குற சத்தத்தக் கேக்க முடியல. அது காதுல விழக் கூடாதுன்னு இன்னும் சத்தமா ஜெபிச்சேன். 'நிறுத்துடி, என்னத் தூக்குடி'ன்னாரு. நான் நிறுத்தல. கண்ணத் தொறந்தா அவரு மூஞ்சியப் பாக்கணுமேன்னு நான் தொறக்கல. கண்ணத் தொறந்தப்போ கை கட்டிலுக்கு வெளிய தொங்கிக்கிட்டிருந்துச்சு."

யாரோ "ஆண்டவரே" என்றார்கள். அது ஜெபமில்லை.

"எட்டு வருஷமாப் பொய் சொன்னேன். முதல்ல வெக்கத்துல சொன்னேன். அப்புறம் நீங்கல்லாம் மரியாதையா நடத்துனீங்க, அதுல ருசி கண்டு சொன்னேன்." தையல்காரி பக்கம் திரும்பினாள், ஆனால் அவள் காலைத்தான் பார்த்தாள். "நீ ஜெபிக்கலன்னு அழுவுறியே. உன் புருஷன் கூப்பிட்டப்போ நீ அங்க இருந்த. முதுகுக்குப் பின்னாடி இருந்த. என் புருஷனுக்கு அது இல்ல. நான் வாயால ஜெபிச்சி அவரைத் தனியா சாக விட்டேன்."

உட்கார நாற்காலியைத் தேடினாள். அதில் அதற்குள் வேறு யாரோ பையை வைத்திருந்தார்கள். நின்றாள்.

வாசலில் யாரோ இருமினார்கள். பேசியது மீன்கடைக்காரிதான்.

"சிலுவையில தொங்கினவரே கத்தித்தான் உயிர விட்டாருன்னு வருஷா வருஷம் நீங்கதான வாசிக்கிறீங்க? எனக்கே தெரியுது. அப்புறம் என் தம்பி கத்தினா என்ன கேவலம்? ஏன்யா, நீயாவது இத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லியிருக்கணும்மா" என்றார். "எனக்கும் அந்த வெளிச்சக் கதை வசதியா இருந்துச்சு."

பிறகு அவர் ஒரு ஜெபம் பண்ணினார். அவர் அவ்வளவு சின்னதாக ஜெபித்து யாரும் கேட்டதில்லை. எல்லோரும் எழுந்தார்கள். போகும்போது வழக்கமாக அவள் கையைப் பிடித்துக்கொள்கிற பெண்கள் செருப்பைத் தேடுவதில் மும்முரமாக இருந்தார்கள். ஒருத்தி, இரண்டு வருஷத்துக்கு முன் இதே தூசியில் மகனைப் பறிகொடுத்தவள், அவள் எதிரே வந்து நின்றாள். "எங்கிட்டயும் அதத்தான சொன்ன" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். சாட்சியக்காவுக்கு அது செருப்படியைவிட வலித்தது. தையல்காரி எழுந்து உள்ளே போனவள் வெளியே வரவில்லை.

அதன் பிறகு மூன்று வாரம் அவளை எந்த வீட்டுக்கும் யாரும் கூப்பிடவில்லை. சபையில் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டுக்கு வாயசைக்கவும் கூச்சமாக இருந்தது. ஆனாலும் போனாள். போகாமல் இருக்க இன்னும் கூச்சமாக இருந்தது. பட்டறையில் புதிதாக ஒருவன் கட்டரின் மெஷினில் வந்து நின்றான். முதல் வெட்டுக்கு, "தண்ணிய நிறுத்துக்கா" என்றான்.

"மாட்டேன்" என்றாள்.

"கோடு அழியுதுக்கா."

"ஆணியால கீறிக்க. பென்சில் போட்டாத்தான அழியும்?"

"அதுக்கு யாரு டைம் குடுக்குறா? மொதலாளி திட்டுவாரு."

"என்னத் திட்டட்டும். எனக்கு இனிமே என்ன மானம் இருக்கு போறதுக்கு?"

முதலாளி திட்டினார். அவள் குழாயை மூடவில்லை. அவன் முணுமுணுத்துக்கொண்டே ஆணியைத் தேடினான்.

அந்தச் சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து அவள் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, பட்டறை வாசலில் தையல்காரி நின்றாள். மெலிந்திருந்தாள். இடுப்பில் ஒரு தலையணையை இடுக்கியிருந்தாள், புதிதாகத் தைத்த உறை போட்டது.

சாட்சியக்கா நனைந்த காலோடு நின்றாள்.

"லோடு ஏத்துறவரு இல்ல, அடுத்த தெருவுல?" என்றாள் தையல்காரி. "ஆஸ்பத்திரில கொண்டுபோகச் சொல்லிட்டாங்களாம். ஆளு பெரிய உடம்பு. அவரு பொண்டாட்டி குச்சி மாதிரி இருக்கா, அவளால தூக்க முடியல. நான் காலைல ஒருதரம் போனேன். ஒருத்தியால ஆகாது. ரெண்டு பேர் வேணும்."

"என்னையா கூப்பிடுற?"

"நீங்க குழாய் பிடிச்ச கை. பலமா இருக்கும்."

"அவங்க சாட்சி கேப்பாங்களே."

"கேட்டா உள்ளதச் சொல்லுங்க." தலையணையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, "எனக்கு உங்க மேல கோவம் போகலக்கா" என்றாள் தையல்காரி. "அது இருக்கு. ஆனா நீங்க அன்னிக்குச் சொன்ன ராத்திரிதான் நான் தூங்கினேன். அதையும் சொல்லணும்ல."

தெருவில் இருவரும் நடந்தார்கள். வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது.

லோடுமேன் கட்டிலின் நடுவில் குழி விழுந்தாற்போல் அமுங்கிக் கிடந்தான். வாயைத் திறந்து திறந்து மூடினான். அவன் பெண்டாட்டி ஓடிவந்து சாட்சியக்காவின் கையைப் பிடித்தாள். அவள் சபைக்கு வராதவள். சேதி அவளுக்கு எட்டவில்லை.

"அக்கா, வந்துட்டீங்களா! உங்க வீட்டுக்காரரு வெளிச்சம் பாத்தாராமே. இவருக்கும் அதச் சொல்லுங்கக்கா. காது நல்லாக் கேக்குது."

லோடுமேனின் கண் அவள் பக்கம் திரும்பியது. அந்தக் கண்ணை அவள் பதினாறு வருஷத்தில் ஏழு முகத்தில் பார்த்திருக்கிறாள்.

"இல்லம்மா" என்றாள். "அவரு பாக்கல. நான் பொய் சொன்னேன்."

அந்தப் பெண் கையை விட்டுவிட்டாள். தையல்காரி அதற்குள் கட்டிலில் ஏறியிருந்தாள்.

"அக்கா, பேச்சு அப்புறம். நீங்க பின்னாடி வாங்க. சுவத்துல சாஞ்சி உக்காருங்க. கால அகட்டுங்க, வெக்கப்படாதீங்க. நான் இந்தப் பக்கம் தூக்குறேன். முதுகுக்குக் கீழ ஒரு கைய விடுங்க. இன்னொரு கை அக்குளுக்குள்ள. ம், எழும்புங்கண்ணே!"

மூட்டை தூக்கின உடம்பு அவள் நெஞ்சில் வந்து சாய்ந்தது. கனத்தது. வியர்வையும் மருந்தும் நாறின. அவன் விலா எலும்பு ஒவ்வொன்றும் அவள் முன்கையில் ஏறி இறங்கியது.

"நீங்களும் பெருசா மூச்சு விடுங்கக்கா" என்றாள் தையல்காரி. "அவருக்கு முதுகுல தெரியணும். அதப் பிடிச்சிக்கிட்டு அவரும் விடுவாரு."

அவள் விட்டாள். முதலில் இரண்டும் ஒட்டவில்லை. பிறகு கொஞ்சம் ஒட்டியது. வாய்க்குள்ளேயே ஜெபித்தாள். புதிதாக ஒன்றுமில்லை, "ஆண்டவரே, ஆண்டவரே" என்பது மட்டும்தான். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தாள். எதிரே அவன் பெண்டாட்டி தரையில் உட்கார்ந்து அவளையே முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த முறைப்பைப் பார்த்துக்கொண்டே ஜெபித்தாள்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஜன்னல் வெயில் சுவரில் ஏறிவிட்டது. அவன் தலை அவள் தோளில் சாய்ந்து, இழுப்பு கொஞ்சம் அடங்கியிருந்தது. அவன் பெண்டாட்டி எழுந்து போய், ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து, சாட்சியக்காவின் வாயருகே பிடித்தாள். அவள் குடித்தாள்.

"கால் மரத்துப் போயிருக்கும்" என்றாள் தையல்காரி. "நான் மாறிக்கவாக்கா?"

இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் இருப்பதே தெரியவில்லை அவளுக்கு.

"வேணாம்" என்றாள். "விட்டா சரிஞ்சிடுவாரு."